கரையில் தொண்டு, சாணக்யபுரியில் பூட்டு

ஒவ்வொரு புயலும் கரையைக் கடந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தில்லியிலிருந்து ஒரு பாராட்டுரை வந்து சேர்ந்துவிடும். மீனவர்களின் துணிவு போற்றப்படும். மரம் அறுக்கவும் சோறு சமைக்கவும் ஓடிவந்த இளைஞர்களின் தொண்டுள்ளம் மெச்சப்படும். பேரிடரை மக்களே எதிர்கொண்டார்கள் என்று பெருமிதம் பேசப்படும். பணம் மட்டும் வந்து சேர்வதில்லை. வந்தாலும் கேட்டதில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆறு நாள்கள் கழித்து அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தில்லி சென்று பிரதமரைச் சந்தித்து ஏறத்தாழ ரூ.15,000 கோடி கேட்டார். டிசம்பர் 31 அன்று ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கூடுதல் உதவி ரூ.1,146.12 கோடி. அப்போது மாநிலத்தை ஆண்டது பாஜகவுக்கு எதிரான கட்சி அல்ல. அதன் கண்ணசைவுக்குக் காத்திருந்த அதிமுக. அந்த விசுவாசத்துக்கே அவ்வளவுதான் கூலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்டப் பெருவெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியபோது தமிழ்நாடு கேட்டது சுமார் ரூ.38,000 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கிடைத்தது ரூ.276 கோடி, அதற்கும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது வேறொரு தந்திரம் கையாளப்பட்டது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் மாநிலப் பேரிடர் நிதிக்கு ஒன்றிய அரசு தந்தே தீரவேண்டிய ஆண்டுப் பங்கின் இரு தவணைகளையும் சேர்த்து ரூ.944.80 கோடி என்று அறிவித்து, அதையே புயல் நிவாரணம் போலக் காட்டிக்கொண்டார்கள். கூலியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு அன்பளிப்பு என்று சொல்லும் பண்ணையாரின் பழக்கம் இது.

இந்தக் கணக்கை மறைக்கும் திரையாகத்தான் அந்தப் பாராட்டுரை பயன்படுகிறது.

வாங்கக் கூடாத கை

தில்லியில் சாணக்யபுரி என்ற பகுதி, அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென 1950களில் உருவாக்கப்பட்டது. சாந்தி பாதை, நியாய மார்க், நீதி மார்க், சத்ய மார்க் என்று அங்குள்ள சாலைகள் பலவற்றுக்கு அறநெறிப் பெயர்கள். கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. நிவாரணம் கேட்டு மனுவோடு வரும் முதல்வர்களும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வந்து இறங்கும் இடம் அது. அதே சாலையில் இலங்கைத் தூதரகம். சற்றுத் தள்ளிச் சந்திரகுப்த மார்க்கில் ஐக்கிய அரபு அமீரகத்தின் தூதரகம். கோடிக்கரையில் கூரை பறிகொடுத்தவர் எவரும் இந்தச் சாலைகளைப் பார்த்திருக்கப் போவதில்லை. ஆனால் இங்கிருந்து நீளும் கை அவரைத் தொடலாமா கூடாதா என்பதை வெளியுறவு அமைச்சகம் முடிவு செய்கிறது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அவர்கள் காப்பாற்றியவர்கள் சுமார் 65,000 பேர் என்பது கேரள அரசின் கணக்கு. நாளொன்றுக்கு ரூ.3,000 தருவதாக அரசு அறிவித்தபோது, சகோதரர்களைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மறுத்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஆகஸ்ட் 21 அன்று, ஐக்கிய அரபு அமீரகம் ரூ.700 கோடி அளவுக்கு உதவ முன்வந்திருப்பதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். மறுநாளே வெளியுறவு அமைச்சகம் கதவைச் சாத்தியது. நிவாரணமும் மறுவாழ்வும் உள்நாட்டு முயற்சியாலேயே மேற்கொள்ளப்படும், அதுவே நடைமுறையில் உள்ள கொள்கை என்றது அதன் அறிக்கை. தொகை இன்னும் இறுதியாகவில்லை என்று அமீரகத் தூதர் பின்னர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 700 கோடியே கட்டுக்கதை என்று சங் பரிவாரம் கூச்சலிட்டது. தொகை 700 கோடியா ஏழு கோடியா என்பது இங்கே வாதமே அல்ல. எந்தத் தொகையானாலும் வாங்குவதில்லை என்று எழுத்தில் சொன்னது வெளியுறவு அமைச்சகம். வெளிநாட்டு நன்கொடையை இந்தியா ஏற்கவில்லை என்று தமக்கு முறைசாராமல் தெரிவிக்கப்பட்டதாகத் தாய்லாந்துத் தூதரும் அதே நாள்களில் வெளிப்படுத்தினார். அக்டோபரில், அயலகத்தில் வாழும் மலையாளிகளிடம் நிதி திரட்டச் செல்லவிருந்த கேரள அமைச்சர்களுக்குப் பயண அனுமதியும் மறுக்கப்பட்டது.

அது கொள்கை என்கிறார்கள். எவருடைய கொள்கை? 2001இல் குஜராத் நிலநடுக்கத்தின்போது வாஜ்பாய் அரசு அயல்நாட்டு உதவியை வாங்கியது. எவர் மானமும் போய்விடவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது நம்மால் சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்போம் என்று மன்மோகன் சிங் அரசு சொன்னதிலிருந்து இந்த மறுப்பு தொடங்குகிறது. ஆகவே காங்கிரசும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது. ஆனால் மோடி அரசே 2016இல் வெளியிட்ட தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்ன சொல்கிறது? இந்தியா தானாக வேண்டுகோள் விடுக்காது. ஆனால் வேறொரு நாட்டின் அரசு நல்லெண்ணத்தோடு தானே முன்வந்தால் ஒன்றிய அரசு அதை ஏற்கலாம் என்கிறது. தாங்கள் எழுதி இரண்டே ஆண்டுகள் ஆன ஏட்டைத் தாங்களே புரட்டிப் பார்க்கவில்லை. அல்லது புரட்டிப் பார்த்து, திருவனந்தபுரத்தில் ஆட்சியில் இருப்பது யார் என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் உண்மை என்பதை அடுத்தடுத்த ஆண்டுகள் காட்டின. 2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கப்பட்டது. அது வெளிநாட்டு நன்கொடையைப் பெறலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டால், அது பொது அமைப்பே அல்ல என்று பதில். பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியை அதில் செலுத்தலாம், முதலமைச்சர் நிவாரண நிதிக்குச் செலுத்தினால் அது கணக்கில் வராது என்று நிறுவனங்கள் விவகார அமைச்சகம் 2020 ஏப்ரல் 10 அன்று விளக்கமே வெளியிட்டது. 2025 மே மாதத்தில் மகாராஷ்டிர முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை பெற உள்துறை அமைச்சகம் அனுமதி வழங்கியது. கேரளத்துக்கு ஆகாதது மகாராஷ்டிரத்துக்கு ஆனது. நாட்டின் மானம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?

இடதுசாரிகள் அயல்நாட்டுப் பணத்துக்காக வாதாடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நிபந்தனைகளோடு வரும் பணத்தின் வரலாற்றை இடதுசாரிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஆனால் தில்லி மறுத்தது நிபந்தனையற்ற நன்கொடையை. வட்டியோடு வரும் கடனை அது மறுக்கவில்லை. வெள்ளத்துக்கு மறுஆண்டு, 2019 ஜூனில், கேரளத்தின் மறுகட்டமைப்புக்கு உலக வங்கியின் 25 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் அதே தில்லியின் ஒப்புதலோடு கையெழுத்தானது. கொடுத்தால் மானக்கேடு, கடனாகக் கொடுத்தால் வளர்ச்சி!

பன்னிரண்டு பணம்

சாணக்யபுரிக்குத் தன் பெயரைத் தந்த கௌடில்யரின் பெயரைத் தாங்கிய அர்த்தசாஸ்திரம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பது வேடிக்கையாக இருக்கும். ராஜதந்திரம் என்றாலே சாணக்கியர் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் அந்நூலின் நான்காம் பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை. தீ, வெள்ளம், நோய், பஞ்சம் முதலான பேரிடர்களிலிருந்து நாட்டைக் காப்பது அரசனின் வேலை என்று அங்கே வரையறுக்கப்படுகிறது. பஞ்சம் வந்தால் அரசன் விதையும் உணவும் தரவேண்டும். கோட்டை, நீர்நிலை வேலைகளைத் தொடங்கி அதன்வழி உணவளிக்க வேண்டும். இருப்பைப் பகிர வேண்டும். நட்பு நாடுகளின் உதவியை நாடவும் வேண்டும். மித்திர அரசுகளின் தூதரகங்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு இவர் பெயரைச் சூட்டிவிட்டு, மித்திரர்கள் நீட்டும் உதவியை மறுப்பது எந்தச் சாணக்கியமோ.

வெள்ளம் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. ஆற்றோரக் கிராமத்தார் மழைக்காலத்தில் பலகை, மூங்கில், தோணி ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் ஒருவர் அடித்துச் செல்லப்படும்போது காப்பாற்றப் போகாதவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். மிதவை இல்லாதவனுக்கு மட்டும் விலக்கு. அதாவது உதவி என்பது மனமிருந்தால் செய்வது அல்ல. கையில் தோணி உள்ளவன் போயே தீரவேண்டும்.

அர்த்தசாஸ்திரத்தை மக்கள் நல ஏடாகக் கொண்டாட இங்கே எவரும் முற்படவில்லை. கருவூலம் வற்றினால் இரவோடிரவாக ஒரு தெய்வச் சிலையை முளைக்கச் செய்து திருவிழா நடத்திக் காணிக்கை திரட்டலாம் என்று யோசனை சொல்வதும் அதே நூல்தான். (அந்தப் பகுதியை மட்டும் இன்றைய ஆட்சியாளர்கள் கருத்தூன்றிப் படித்திருக்கிறார்கள்.) ஆனால் அந்தப் பன்னிரண்டு பண விதியை அளவுகோலாக வைத்து ஒக்கியைப் பார்க்கலாம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலைச் சூறையாடியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் கடலில் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. கடற்படையிடம் கப்பல் இருந்தது, கடலோரக் காவல்படையிடம் விமானம் இருந்தது. அவை ஆழ்கடலில் போதிய தொலைவு தேடவில்லை என்று கரையிலிருந்தவர்கள் கதறினார்கள். கடைசியில் தம் உறவினர்களைத் தேடி மீனவர்களே தம் சொந்தப் படகுகளில் புறப்பட்டார்கள். சொந்த டீசல், சொந்த உயிர். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்த பிறகே அரசுகள் அசைந்தன. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அதே கடற்கரைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்தான் கேரள வெள்ளத்தில் பிறரைக் காப்பாற்றப் படகெடுத்தார்கள். தோணியுள்ள அரசு போகவில்லை. தோணியை இழந்தவர்கள் போனார்கள். அபராதம் யார் கட்டவேண்டும்?

தொண்டர்களைத் தில்லி எப்படி நடத்துகிறது என்பதற்குச் சாணக்யபுரியே சாட்சி. 2021 மே மாதத் தொடக்கத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில் தலைநகர் ஆக்சிஜன் இல்லாமல் திணறியபோது, நியூசிலாந்துத் தூதரகம் சமூக வலைத்தளத்தில் இளைஞர் காங்கிரசிடம் சிலிண்டர் கேட்டது. பின்பு பதிவை நீக்கியது. பிலிப்பைன்ஸ் தூதரகத்துக்கும் இளைஞர் காங்கிரஸ் தன்னார்வலர்கள் சிலிண்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் கொரோனாவே இல்லை, கேளாமல் கொடுத்தது, மலிவான விளம்பரம் என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சீறினார். சில நாள்களில் அந்த அமைப்பின் தலைவரைத் தில்லிக் காவல்துறையின் குற்றப்பிரிவு விசாரித்தது. அதே வாரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆக்சிஜன் கருவிகள் தில்லி விமான நிலையத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பதினாறு ஆண்டுக் கொள்கை எந்த விளக்கமும் இல்லாமல் ஓரங்கட்டப்பட்டது. ஆகவே கொள்கையும் நெகிழும், மானமும் நெகிழும். நெருப்பு தில்லியின் கூரையைத் தொட்டால் போதும்.

கருணைத்தொகை என்னும் சொல்

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கு உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தர அளவுகளை வகுக்கச் சொல்கிறது. உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் வாழ்வாதார மீட்புக்கும் தரப்படுவதை அது ‘கருணைத்தொகை’ என்று பெயரிடுகிறது. இந்தச் சொல்லைக் கட்சி அணிகள் கவனிக்க வேண்டும். இழப்பீடு என்றால் பெறுபவருக்கு உரிமை உண்டு, கொடுப்பவருக்குக் கடமை உண்டு. கருணை என்றால் இரண்டும் இல்லை. கொடுத்தவர் படத்தோடு பை வரும். ‘தன்னார்வம்’ என்ற சொல்லும் இப்போது இதே வேலைக்குத்தான் அமர்த்தப்பட்டிருக்கிறது. தொண்டு செய்கிறவர் தாமாக முன்வருகிறார் என்ற நல்ல பொருள் மெல்ல நழுவி, அரசும் தான் விரும்பினால் மட்டும் முன்வரலாம் என்ற பொருள் அதில் ஏறிவிட்டது.

அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒன்று இருந்தது. கடுமையான பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களின் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் அளிக்கவோ, சலுகை நிபந்தனையில் புதிய கடன் தரவோ தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது அது. வயநாடு நிலச்சரிவில் குடும்பத்தையே இழந்தவர்களின் வங்கிக் கடன்கள் குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைச் சுட்டிக் கேட்டபோது ஒன்றிய அரசு என்ன பதில் சொன்னது தெரியுமா? 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அந்தப் பிரிவே நீக்கப்பட்டுவிட்டது என்றது. கார்ப்பரேட் கடன்களை லட்சம் கோடிக் கணக்கில் கணக்கிலிருந்து நீக்கிய வங்கிகளின் உரிமையாளரான அரசு, செத்தவர் வீட்டுக் கடனைத் தள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல, முதலில் சட்டத்தில் இருந்த இடத்தையே வெட்டி எறிந்தது.

தொகைகளைப் பார்த்தால் கருணையின் அளவு விளங்கும். கஜா வீசிய காலத்தில் நடப்பிலிருந்த ஒன்றிய அரசின் விதிமுறைப்படி, முழுதும் அழிந்த படகுக்கு ரூ.9,600. முழுதும் போன வலைக்கு ரூ.2,600. குடிசைக்கு ரூ.4,100. ஒரு ஃபைபர் படகும் இன்ஜினும் வலையும் சேர்த்து வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். அந்த 9,600 ரூபாய் படகைக் கரைக்கு இழுத்துச் சரிபார்க்கும் செலவுக்கே காணாது. மீதியைத் தருபவர் வட்டிக்காரரும் மீன் ஏலத்தரகரும்தான். புயலுக்குப் பின் மீனவர் பிடிக்கும் மீன் பல ஆண்டுகளுக்குத் தரகர் சொன்ன விலைக்கே போகிறது. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்கும், கருவாடு காயவைத்து விற்கும் பெண்ணுக்கும், பிறர் தோப்பில் தேங்காய் பறித்தவருக்கும் அந்த விதிமுறையில் வரியே இல்லை. தென்னைக்கு மாநில அரசு மரத்துக்கு ரூ.600ம் வெட்டி அகற்ற ரூ.500ம் ஆக ரூ.1,100 அறிவித்தது. அதுவும் பட்டாதாரருக்கே போய்ச் சேர்ந்தது. குத்தகைக்காரரும் கூலியாளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கஜாவுக்கு டிசம்பர் 31 அன்று அந்த 1,146 கோடியை ஒதுக்கிய அதே அரசு, அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 28 அன்று, புதிய கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. மக்கள் நெருக்கமுள்ள கடலோர ஊரகப் பகுதிகளில் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. புயலில் விழுந்த மரங்கள் இன்னும் அகற்றப்படாதிருந்த வாரம் அது.

கரையில் நடப்பது

இத்தனையும் சொன்ன பின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கரைக்குப் போகிற தொண்டரைக் குறைத்துப் பேசும் கட்டுரை அல்ல இது. கஜாவின்போது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை இடுப்பளவுச் சேற்றில் நின்று நிமிர்த்தியவர்களில் பெரும்பகுதியினர் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்கள். மூன்றே மாதத்துக்கு முன் தானே மூழ்கிய கேரளம் தன் மின்வாரியத் தொழிலாளர்களை அனுப்பியது, ரூ.10 கோடியும் தந்தது. இடதுசாரி வாலிபர், மாணவர், மாதர், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளின் தோழர்கள் ஊர் ஊராகச் சமைத்தார்கள், மரம் அறுத்தார்கள், கூரை வேய்ந்தார்கள். வெள்ளம் வந்தால் முதலில் வருபவர் பக்கத்து வீட்டுக்காரர். இது எல்லாச் சமூகத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது. பணி நிரந்தரத்துக்கு இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார். ஒன்றிய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு பெட்டி, ஒரு சான்றிதழ், காப்பீடு, ஊதியம் கிடையாது. ஆஷா பணியாளர்களைத் ‘தன்னார்வலர்’ என்று அழைத்தே இருபது ஆண்டுகளாகக் குறைந்தபட்ச ஊதியத்தை ஏய்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பயன் நன்றாகத் தெரியும்.

தொண்டு தானாகவே நீதியாகிவிடாது என்பதை 2004 ஆழிப்பேரலை தமிழகத்துக்குக் கற்பித்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு நாடெங்கிலுமிருந்து தொண்டு நிறுவனங்கள் குவிந்தன. நாகையின் சாலையோரங்களில் எவரும் உடுத்தாத பழந்துணிகள் மலையாகக் குவிந்து நனைந்து அழுகின. தார்த்தாள் கூரையிட்ட தற்காலிகக் குடில்கள் வெயிலில் உலையாயின, மழையில் குளமாயின. தலித் மக்கள் பல முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், மீனவர் பட்டியலில் இல்லாததால் நிவாரணத்தில் விடுபட்டதும் அப்போதே ஆவணப்படுத்தப்பட்டவை. 2005 மார்ச் 30 அன்று வந்த 172ஆம் எண் அரசாணையின்படி, கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்தவர் இடம்பெயர்ந்தால் புது வீடு. ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக மறுத்தால் உதவி இல்லை. நல்லெண்ணத்தோடு வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனங்கள், கடற்கரையை மீனவரிடமிருந்து பிரிக்கும் வேலையில் தம்மையறியாமல் கொத்தனாராக நின்றன.

2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இந்த நிறுவனங்களில் நேர்மையானவற்றையும் முடக்கியது. பூம்புகாரில் பணிபுரியும் அமைப்பானாலும் தில்லி நாடாளுமன்ற வீதியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் கணக்கு வைக்க வேண்டும். தான் பெற்றதைச் சிறு உள்ளூர் அமைப்புக்குப் பகிரக் கூடாது. கடைசிக் கல் தூரத்தில் வேலை செய்வது அந்தச் சிறு அமைப்புகள்தான்; அவைதான் முதலில் மூடின.

மிட்னாபூரிலிருந்து

கட்சி அணிகளில் இருவகைப் பேச்சு உண்டு. நிவாரணப் பணி தன்னார்வக் குழுக்களின் வேலை, கட்சியின் வேலை போராட்டம் என்பது ஒன்று. பதாகை கட்டி அரிசி கொடுத்துப் படம் எடுத்தனுப்பினால் கடமை முடிந்தது என்பது மற்றொன்று. பார்வைக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டும் ஒரே பிழையில் பிறந்தவை: நிவாரணத்தையும் உரிமையையும் இரு வேறு வேலைகளாக எண்ணும் பிழை.

1942 அக்டோபர் 16 அன்று வங்காளத்தின் மிட்னாபூர்க் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஆகஸ்ட் போராட்டத்தில் அம்மாவட்டம் முன்னணியில் நின்றதால் பிரிட்டிஷ் நிர்வாகம் செய்தியையே இருட்டடித்தது. நிவாரணத்தைத் தண்டனைக் கருவியாக்கியது. அடுத்து வந்தது 1943 பஞ்சம். கம்யூனிஸ்டுகள் கஞ்சித்தொட்டி திறந்தார்கள், மருத்துவக் குழு அனுப்பினார்கள், மக்கள் நிவாரணக் குழு அமைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. மகிளா ஆத்மரட்சா சமிதியின் பெண்கள் ஆயிரக்கணக்கில் 1943 மார்ச்சில் கல்கத்தா சட்டமன்றத்தை நோக்கிப் பசியோடு நடந்து சென்று அரிசியும் விலைக் கட்டுப்பாடும் கேட்டார்கள். கஞ்சித்தொட்டிக்கு வந்தவர்களே பேரணிக்கும் வந்தார்கள். பதுக்கல்காரன் யார் என்பது கஞ்சி வரிசையில் பேசப்பட்டது. சித்தபிரசாத் மிட்னாபூரைச் சுற்றி வரைந்த கோட்டோவியங்களின் ஏட்டைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது. வெறும் கஞ்சி என்றால் கொளுத்தியிருக்க மாட்டார்கள்.

கியூபாவில் தொண்டும் அரசும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் மெலிசா சூறாவளி கிழக்குக் கியூபாவைத் தாக்குமுன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பொருளாதார முற்றுகையில் எரிபொருளுக்கே தவிக்கும் நாடு அது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். வண்டி அனுப்புவது அரசின் பொறுப்பு. 2005இல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது 1,586 மருத்துவர்களை அனுப்பத் தயாராக நின்றதும் கியூபாதான். வாஷிங்டன் வாங்கவில்லை. அந்தச் சூறாவளிக்கு இந்தியா அனுப்பிய நிவாரணப் பொருள்களையோ வாங்கிக்கொண்டது. எவரிடம் வாங்குவது என்பதில் வாஷிங்டனும் தில்லியும் ஒரே பள்ளியில் படித்தவை.

இலங்கைக்குத் தமிழ்நாடு அரிசி அனுப்ப 2022இல் சட்டமன்றத் தீர்மானம் போட்டுத் தில்லியின் அனுமதிக்குக் காத்திருந்தது. கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு இல்லத்திலிருந்து இலங்கைத் தூதரகத்துக்கு நடந்தே போய்விடலாம். வாங்கவும் அனுமதி, கொடுக்கவும் அனுமதி என்றால் மாநிலம் என்பது வெறும் வருவாய்க் கோட்டமா? பேரிடர் நிதியில் மாநிலங்களின் பங்கை உயர்த்துவது, 13ஆம் பிரிவை மீட்பது, கருணைத்தொகை என்ற சொல்லை நீக்கி இழப்பீடு என்று எழுதுவது, முதலமைச்சர் நிதிகள் எல்லாவற்றுக்கும் பி.எம். கேர்ஸுக்கு உள்ள அதே உரிமையை அளிப்பது, உப்பளத் தொழிலாளியையும் மீன் விற்கும் பெண்ணையும் குத்தகைக்காரரையும் நிவாரண விதிமுறையில் சேர்ப்பது ஆகியவை நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள்.

அவற்றுக்கான ஆதாரம் தில்லியில் இல்லை, கரையில்தான் இருக்கிறது. மரம் அறுக்கப் போகும் தோழர் கையில் வாளோடு ஒரு பேரேடும் போகவேண்டும். விழுந்த மரம் எத்தனை, யாருடைய தோப்பு, குத்தகை யார், கூலி யார். உடைந்த படகு எது, அதன்மேல் தரகருக்கு உள்ள கடன் எவ்வளவு. கருவாட்டுக் கொட்டகையில் எத்தனை பெண்கள், எத்தனை நாள் வேலை போனது. முகாமில் எந்தத் தெருக்காரர் தனியே உட்காரவைக்கப்பட்டார். வருவாய்த்துறைக் கணக்கெடுப்பு பட்டாவில் தொடங்கிப் பட்டாவில் முடிகிறது. அதில் விழாத பெயர்கள் இந்தப் பேரேட்டில் விழவேண்டும். கிராமசபையில் உரக்கப் படித்து, விடுபட்டவர் பெயரை அங்கேயே சேர்க்கவேண்டும். ஒரு படி ஊராட்சியில், ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில், ஒன்று கட்சியின் மாவட்டக் குழுவில், ஒன்று தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர் கையில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கடலோரக் கிளைகள் படகு, வலை, குடிசை, குத்தகை ஆகியவற்றின் இன்றைய நிலையை எழுதி முடிக்கவேண்டிய காலம் அதற்கு முன்பே.